அலிகேஷன்: ஒரு முடிச்சின் வரலாறு

வங்கித் தேர்வுக்கோ எஸ்எஸ்சி தேர்வுக்கோ படிக்கிற யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், கலவைக் கணக்கை எப்படிப் போடுவீர்கள் என்று. 'அலிகேஷன் போட்டுவிடுவோம்' என்பதுதான் பதிலாக இருக்கும். பயிற்சி மையத்துப் பலகையில் மேலே இரண்டு எண்கள், நடுவில் ஓர் எண், குறுக்கே இரண்டு கோடுகள், கீழே இரண்டு வித்தியாசங்கள். விடை அரை நிமிடத்தில் கைக்கு வந்துவிடும். ஆர்.எஸ்.அகர்வாலின் 'குவான்டிடேட்டிவ் ஆப்டிடியூட்' புத்தகத்தில் இந்தப் பெயரில் ஓர் அத்தியாயமே உண்டு. தமிழ்வழியில் படிப்பவர்களின் நோட்டிலும் 'அலிகேஷன்' என்றே இருக்கிறது.

அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டால் மட்டும் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. மருந்தின் பெயரைப் போலக் காரணம் கேட்காமல் மனப்பாடம் செய்த சொல் அது. அந்த முறை எதனால் சரியாகிறது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது என்பது பலருக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. சொல்லைப் பிரித்துப் பார்த்தால் கணக்கும் பிரிபடும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு வகுப்பில் மாணவர்களின் சராசரி மதிப்பெண் 62, மாணவிகளின் சராசரி 72, மொத்த வகுப்பின் சராசரி 68. மாணவர்களும் மாணவிகளும் என்ன விகிதத்தில் இருக்கிறார்கள்? 72-க்கும் 68-க்கும் வித்தியாசம் 4. அது மாணவர் பக்கம் போகிறது. 68-க்கும் 62-க்கும் வித்தியாசம் 6. அது மாணவிகள் பக்கம் போகிறது. ஆக 4:6, அதாவது 2:3. வகுப்பில் 40 பேர் என்றால் மாணவர்கள் 16, மாணவிகள் 24.

வித்தியாசங்களை ஏன் குறுக்கே மாற்றிப் போட வேண்டும்? சராசரியாகப் பார்த்தால் ஒவ்வொரு மாணவரும் வகுப்புச் சராசரிக்கு 6 மதிப்பெண் கீழே நிற்கிறார். 16 பேருக்கும் சேர்த்துக் குறைவு 96. அதேபோல ஒவ்வொரு மாணவியும் 4 மதிப்பெண் மேலே நிற்கிறார். 24 பேருக்கும் சேர்த்து மிகுதி 96. ஒரு பக்கத்துக் குறைவை மறுபக்கத்து மிகுதி சரியாக அடைத்துவிடுகிறது. அப்படி அடைகிற இடத்துக்குத்தான் சராசரி என்று பெயர். 6 குறைகிறவர்களை 4 மிகுகிறவர்கள் ஈடுகட்ட வேண்டுமென்றால் மிகுகிறவர்களின் தலைக்கணக்கு கூடித்தான் ஆக வேண்டும். வித்தியாசங்கள் இடம் மாறுவது அதனால்தான். 'ஈடுகட்டுதல்' என்று தமிழில் சர்வசாதாரணமாகச் சொல்கிறோமே, அந்தக் கட்டுதான் அலிகேஷன் என்ற பெயருக்குள்ளும் இருக்கிறது.

லத்தீன் வேர்

லத்தீனில் 'லிகாரே' என்றால் கட்டுதல். 'ஒன்றோடு' என்று பொருள்படும் 'அத்' என்ற முன்னொட்டு அதோடு சேர்ந்து 'அல்லிகாரே' ஆனது. ஒன்றை மற்றொன்றோடு சேர்த்துக் கட்டுதல் என்பது பொருள். அதன் பெயர்ச்சொல் 'அல்லிகாத்தியோ'. ஆங்கிலம் அதைத்தான் அலிகேஷன் ஆக்கிக்கொண்டது.

இந்த வேரின் பிள்ளைகள் நம் பேச்சில் நிறையவே நடமாடுகின்றன. ஆட்டக்காரரின் முழங்காலில் 'லிகமென்ட்' கிழிந்துவிட்டது என்கிறோம். எலும்பை எலும்போடு கட்டிவைக்கும் நார் அது. பெண்ணுக்கு 'நல்ல அலையன்ஸ் வந்திருக்கு' என்கிறோம். தேர்தல் வந்தால் கட்சிகளுக்கும் அதே சொல்தான். அல்லிகாரே பிரெஞ்சு வழியாகத் திரிந்து ஆங்கிலத்துக்கு வந்த வடிவம் அது. காருக்குப் போடுகிற 'அலாய் வீல்' என்பதில் உள்ள அலாயும் அதே வழியில் வந்தது. உலோகத்தை உலோகத்தோடு கட்டினால் அலாய். இத்தாலிய மொழியில் 'லேகா' என்ற ஒரே சொல் உலோகக் கலவையையும் குறிக்கும், கூட்டணியையும் குறிக்கும்.

ஆங்கிலத்தில் குற்றச்சாட்டைக் குறிக்கும் 'அலெகேஷன்' என்ற சொல் காதுக்கு ஏறக்குறைய இப்படியே கேட்கும். எழுத்தில் ஓர் உயிரெழுத்துதான் வேறுபாடு. ஆனால் அதன் பிறப்பு வேறு, இந்தக் கணக்கோடு அதற்கு உறவு கிடையாது.

வணிகரின் கணக்கு

இந்தக் கணக்கை ஐரோப்பாவில் வளர்த்தவர்கள் வணிகர்களும் நாணயச்சாலைக்காரர்களும். பீசா நகரத்து லியனார்தோ, நாம் பிபனாச்சி என்று அறிந்தவர், 1202-இல் 'லீபெர் அபாச்சி' நூலை எழுதினார். இந்திய எண்களை ஐரோப்பிய வணிகருக்குக் கற்றுக்கொடுத்த புத்தகம் அது. அதன் 11ஆம் இயல் நாணய உலோகக் கலவை பற்றியது. எவ்வளவு வெள்ளியோடு எவ்வளவு செம்பு சேர்த்தால் குறிப்பிட்ட தரத்து நாணயம் கிடைக்கும் என்பதுதான் அன்றைய தேவை.

ஆங்கிலத்தில் இந்தப் பெயரை நிலைநாட்டியவர்களில் முக்கியமானவர் ராபர்ட் ரெகார்டு. 1557-இல் சமக்குறியை அறிமுகப்படுத்திய வேல்ஸ் நாட்டு மருத்துவர் அவர். அவருடைய 'தி கிரவுண்ட் ஆஃப் ஆர்ட்ஸ்' என்ற எண்கணித நூல் 1543-இல் முதலில் வந்து, பல பதிப்புகள் கண்டு, தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்பட்டது. வெவ்வேறு விலையும் வெவ்வேறு அளவும் கொண்ட சரக்குகள் ஒன்றாகக் கட்டப்படுவதால்தான் இந்த விதிக்கு இந்தப் பெயர் என்று அவரே காரணமும் சொல்லியிருக்கிறார்.

பின்னால் வந்த ஆங்கில எண்கணிதப் புத்தகங்கள் இதை இரண்டாகப் பிரித்தன. சரக்குகளின் அளவும் விலையும் தெரிந்திருக்க, கலவையின் விலையைக் கண்டுபிடிப்பது 'அலிகேஷன் மீடியல்'. நம் பள்ளிப் பாடநூல்களின் நிறையிட்ட சராசரி இதுதான். கலவையின் விலை தெரிந்திருக்க, எதை எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று விகிதம் காண்பது 'அலிகேஷன் ஆல்டர்னேட்'. இன்று பயிற்சி மையங்களில் அலிகேஷன் என்று சொல்லப்படுவது இந்த இரண்டாவது வகை மட்டுமே. முதல் வகையின் பெயர் காலப்போக்கில் உதிர்ந்துவிட்டது.

அந்தப் பழைய புத்தகங்களில் எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, சராசரிக்குக் கீழே உள்ள ஒவ்வோர் எண்ணையும் மேலே உள்ள ஓர் எண்ணோடு வளைகோட்டால் இணைத்துக் காட்டுவார்கள். பார்க்கிற கண்ணுக்கே அது ஒரு முடிச்சு. குறைகிறதை மிகுகிறதோடுதான் முடிய வேண்டும், குறைகிற இரண்டை ஒன்றோடொன்று முடிந்தால் சராசரி வராது என்ற விதி அந்தக் கோட்டிலேயே தெரிந்தது. இன்றைய பலகையில் நாம் போடுகிற பெருக்கல்குறி அந்த வளைகோட்டின் சுருக்கம்தான். கோடு மிஞ்சியது, அது கட்டு என்ற நினைவு மறைந்தது.

வர்ணமும் மாற்றும்

இதே கணக்கு இந்தியாவில் பொன்னோடு சேர்ந்து வளர்ந்தது. இங்கே அதற்குக் கிடைத்த பெயர்களும் பொன்னின் பெயர்களே. 1881-இல் பெஷாவர் அருகே பக்ஷாலி என்ற ஊரில் மண்ணிலிருந்து கிடைத்த பூர்ஜமரப்பட்டைச் சுவடியில், 1, 2, 3, 4 சுவர்ணம் எடையுள்ள பொன்துண்டுகளுக்கு முறையே 1, 2, 3, 4 வீதம் சேதாரம் என்றால் சராசரிச் சேதாரம் என்ன என்ற கணக்கு இருக்கிறது. எடையையும் சேதார வீதத்தையும் பெருக்கிக் கூட்டினால் 30. எடைகளின் கூட்டுத்தொகை 10. விடை 3. இன்றைய பள்ளிப் பாடத்தில் உள்ள நிறையிட்ட சராசரிக்கும் இதற்கும் ஓர் இம்மி வேறுபாடு கிடையாது.

ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், ஏறக்குறைய 850-இல், மகாவீரர் எழுதிய 'கணிதசார சங்கிரக'த்தில் பொன் கலவைக்குத் தனிப்பகுதியே உண்டு. அந்த நூலை ஆங்கில மொழிபெயர்ப்போடு பதிப்பித்தவர் சென்னைப் பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் எம்.ரங்காச்சாரியா. 1912-இல் சென்னை அரசு அச்சகம் அதை வெளியிட்டது.

1150-இல் இரண்டாம் பாஸ்கரர் எழுதிய 'லீலாவதி'யில் இந்தப் பகுதியின் பெயர் சுவர்ண கணிதம். பொன்னின் தரத்துக்கு அங்கே வழங்கும் சொல் வர்ணம், அதாவது நிறம். உரைகல்லில் தேய்த்தால் விழுகிற கோட்டின் நிறத்தைப் பார்த்துத்தானே தரம் சொன்னார்கள்! 16 வர்ணம் முழுத் தூய்மை. 13, 12, 11, 10 வர்ணமுள்ள பொன் முறையே 10, 4, 2, 4 மாஷம் எடுத்து உருக்கினால் என்ன வர்ணம் என்பது ஒரு கேள்வி. பெருக்கிக் கூட்டினால் 240, மொத்த எடை 20, விடை 12 வர்ணம்.

அடுத்து வருவதுதான் நமக்கு வேண்டியது. 16 வர்ணப் பொன்னும் 10 வர்ணப் பொன்னும் கலந்து 12 வர்ணம் ஆயிற்று என்றால் எடைகள் என்ன? பாஸ்கரர் சொல்லும் வழி இது: பெரியதிலிருந்து கலவையின் வர்ணத்தைக் கழி, 4. அது சிறியதன் எடை. கலவையின் வர்ணத்திலிருந்து சிறியதைக் கழி, 2. அது பெரியதன் எடை. இவற்றை விரும்பிய எண்ணால் பெருக்கிக்கொள்ளலாம் என்றும் சேர்த்துச் சொல்கிறார். பயிற்சி மையத்துப் பலகையில் நாம் பார்க்கிற குறுக்குக்கோடு, கோடு போடாமலேயே 870 ஆண்டுகளுக்கு முன் சொல்லால் சொல்லப்பட்டுவிட்டது.

லீலாவதியில் சுவர்ண கணிதம் இடம்பெறும் இயலின் பெயர் மிச்ர வியவகாரம், கலப்புக் கணக்கு. வடமொழியின் மிச்ரமும் லத்தீன் வழி வந்த 'மிக்சர்' என்பதும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து கிளைத்தவை. இன்றைய தேர்வுப் புத்தகங்களில் 'மிக்சர் அண்ட் அலிகேஷன்' என்று இரண்டு சொற்கள் சேர்ந்தே வருகின்றன. முதற்சொல்லின் உறவுச்சொல் இந்த மண்ணின் கணக்கு நூலில் முன்பே இருந்தது, இரண்டாவது ஐரோப்பியப் பாடப்புத்தகத்தோடு வந்து சேர்ந்தது.

தமிழில் பொன்னின் தரத்துக்குச் சொல் 'மாற்று'. மாசற்ற மனிதரைப் 'பத்தரை மாற்றுத் தங்கம்' என்று இன்றும் புகழ்கிறோம். தட்டார் கையில் 'ஆணி' என்ற சிறு கம்பிகள் இருக்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் தரம் தெரிந்த பொன். சோதிக்க வேண்டிய நகையை உரைகல்லில் ஓர் இழுப்பு, பக்கத்திலேயே ஆணியால் ஓர் இழுப்பு. இரண்டு கோட்டின் நிறமும் ஒத்துப்போகிற ஆணிதான் நகையின் மாற்று. உயர்ந்த பொன்னை ஆணிப்பொன் என்பது இதனால்தான். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராஜராஜன் கொடுத்த நகைகளைக் கல்வெட்டுகள் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று ஆடவல்லான் என்னும் கல்லால் நிறுத்துப் பதிவுசெய்கின்றன. பொன்னின் தரத்தைச் சொல்லத் தண்டவாணி என்ற அளவையை எடுத்துக்கொள்கின்றன. எடை ஒரு தூண், மாற்று ஒரு தூண். நிறையிட்ட சராசரிக்கு வேண்டிய இரண்டும் கோயில் சுவரில் பக்கம்பக்கமாக நிற்கின்றன.

'நிறையிட்ட' என்ற சொல்லை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். இன்றைய கணக்கில் நிறை என்பது மாணவர் எண்ணிக்கையாகவோ மணிநேரமாகவோ இருக்கலாம். பொற்கொல்லரின் கணக்கில் அது தராசில் ஏறிய நிறையே. மேலே 24 காரட், கீழே 18 காரட், வேண்டியது 22 காரட் என்றால் 18-க்கு 2 பங்கு, 24-க்கு 4 பங்கு. ஒரு கிராம் 18 காரட்டுக்கு இரண்டு கிராம் 24 காரட். நகைக்கடையில் '916' என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த எண் 22-ஐ 24-ஆல் வகுத்து வந்தது.

சராசரி எங்கிருந்து வந்தது?

சராசரி என்ற சொல்லும் தூரத்திலிருந்து வந்ததுதான். பாரசீகத்தில் 'சராசர்' என்றால் ஒரு முனை தொடங்கி மறுமுனை வரை, முழுக்க. அதிலிருந்து பிறந்த 'சராசரி' உருதுவிலும் மராத்தியிலும் கணக்குச் சொல்லாக வழங்கி, தமிழிலும் நிலைத்தது. தனித்தனியாகப் பார்க்காமல் ஒட்டுமொத்தமாகப் பார்ப்பது அதன் உட்பொருள்.

ஆங்கிலத்தின் 'ஆவரேஜ்' பின்னால் இருப்பது கடல் வணிகம். சரக்குக்கு நேர்ந்த சேதத்தைக் குறிக்கும் அரபுச் சொல் 'அவார்'. அது இத்தாலிய, பிரெஞ்சுத் துறைமுகங்கள் வழியாகப் போய் அந்த வடிவம் எடுத்தது. புயலில் கப்பலைக் காப்பாற்றச் சிலருடைய சரக்கைக் கடலில் தூக்கிப் போட்டால், அந்த இழப்பை மற்ற சரக்குக்காரர்களும் கப்பல் உரிமையாளரும் தத்தம் உடைமையின் மதிப்புக்கு ஏற்பப் பங்கிட்டுக்கொள்வது பழைய கடல் வழக்கம். அந்தப் பங்கீட்டின் பெயர்தான் பிற்காலத்தில் எண்கணிதச் சராசரிக்கு ஆகிவந்தது. ஆயிரம் பொன்னுக்குச் சரக்கு ஏற்றியவரும் நூறு பொன்னுக்கு ஏற்றியவரும் ஒரே தொகை கொடுக்கவில்லை, மதிப்புக்கு ஏற்பக் கொடுத்தார்கள். ஆக 'ஆவரேஜ்' பிறக்கும்போதே நிறையிட்ட சராசரியாகத்தான் பிறந்தது.

கட்டு அவிழ்ந்த இடம்

இருபதாம் நூற்றாண்டில் மேற்கத்தியப் பள்ளிப் புத்தகங்களிலிருந்து அலிகேஷன் பெரும்பாலும் விடைபெற்றது. இயற்கணிதச் சமன்பாடு கற்றவருக்குத் தனி விதி எதற்கு என்பது அதற்குக் காரணம். ஜிமேட், ஜிஆர்இ போன்ற தேர்வுகளுக்குத் தயாராகிறவர்கள் இதே வேலையை, சராசரிக்கு உள்ள தூரங்களை விகிதமாக்கித் திருப்பிப் போடும் வழியாக வேறு பெயர்களில் கற்கிறார்கள். பழைய பெயர் உயிரோடு இருப்பது இரண்டு இடங்களில். ஒன்று மருந்தாளுநர் படிப்பு. இந்தியாவில் பி.பார்ம் முதலாண்டுப் பாடத்திட்டத்திலேயே அலிகேஷன் இருக்கிறது. 10 சதவீத சாலிசிலிக் அமிலக் களிம்பும் 2 சதவீதக் களிம்பும் கையில் இருக்க, 5 சதவீதக் களிம்பு 80 கிராம் வேண்டுமென்றால் விகிதம் 3:5. முதலாவதில் 30 கிராம், இரண்டாவதில் 50 கிராம். இன்னோர் இடம் நம் போட்டித்தேர்வு உலகம்.

போட்டித்தேர்வில் இந்த முறை தருகிற வேகம் உண்மையானது. சமன்பாடு எழுதித் தீர்க்கும் நேரத்தில் பாதிகூட ஆகாது. ஆனால் குறுக்குக்கோட்டை மட்டும் மனப்பாடம் செய்தவர் ஓர் இடத்தில் தவறாமல் வழுக்குகிறார். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போய், அதே வழியில் 40 கி.மீ. வேகத்தில் திரும்பினால் சராசரி வேகம் 48. இதில் அலிகேஷன் போட்டால் 60-க்கு 8, 40-க்கு 12, ஆக 2:3. எதனுடைய விகிதம் இது? தூரம் என்று பலர் குறித்துவிடுகிறார்கள். போன தூரமும் வந்த தூரமும் ஒன்றுதானே! 2:3 என்பது நேரத்தின் விகிதம். ஒரு பக்கம் 120 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், போக 2 மணி, திரும்ப 3 மணி, மொத்தம் 5 மணியில் 240 கி.மீ. சரியாக 48.

இங்கே கேட்க வேண்டிய கேள்வியைச் சொல்லே கையில் கொடுக்கிறது: எதை எதோடு கட்டினோம்? வேகம் என்பது ஒரு மணிக்கு இத்தனை கிலோமீட்டர். 'ஒரு மணிக்கு' என்பதுதான் அங்கே நிறை. ஆகவே மணிகளைத்தான் மணிகளோடு கட்டினோம். விலை என்றால் கிலோவுக்கு இத்தனை ரூபாய், விடை கிலோவின் விகிதம். லாபச் சதவீதம் என்றால் அடக்கவிலையில் நூற்றுக்கு இத்தனை, விடை அடக்கவிலையின் விகிதம். 10 சதவீத லாபத்தில் விற்றதும் 30 சதவீத லாபத்தில் விற்றதும் சேர்ந்து 15 சதவீதம் ஆனால் 3:1 என்று வரும். அது அடக்கவிலையின் விகிதமே தவிர விற்பனை விலையின் விகிதம் ஆகாது. எதன் பேரில் வீதம் சொல்லப்படுகிறதோ, அதன் விகிதம்தான் விடை. பொன்னில் இந்தக் குழப்பம் எழவே வழியில்லை, ஏனென்றால் அங்கே நிறை கண்முன் தராசில் இருந்தது.

மூன்று சரக்குகள் வந்துவிட்டால் பழைய வளைகோட்டின் அருமை இன்னும் விளங்கும். கிலோ 40, 50, 70 ரூபாய் அரிசிகளைக் கலந்து 55 ரூபாய் அரிசி வேண்டும். 40-ஐ 70-ஓடு கட்டினால் 15:15. 50-ஐ 70-ஓடு கட்டினால் 15:5. 70 இரண்டு கட்டிலும் இருப்பதால் அதன் பங்குகளைக் கூட்ட 15:15:20, அதாவது 3:3:4. விடை இது ஒன்றுதானா? முதற்கட்டை 1:1 என்றும் இரண்டாவதை 3:1 என்றும் சுருக்கிச் சேர்த்தால் 1:3:2 வருகிறது. அதுவும் 55 ரூபாய்தான், பெருக்கிப் பார்க்கலாம். ஒவ்வொரு கட்டும் தன்னளவில் ஈடாகிவிடுவதால் எந்தக் கட்டை எத்தனை மடங்கு எடுத்தாலும் சராசரி அசையாது. எனவே இத்தகைய கணக்குக்கு விடைகள் எண்ணற்றவை. தேர்வில் மூன்று சரக்கும் ஒரே விடையும் கேட்டால், கேள்விக்குள் இன்னொரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது என்று பொருள். அதைத் தேடிப் பிடிப்பதுதான் அந்தக் கேள்வியின் பாதி வேலை.

இந்தக் கணக்குக்குத் தமிழில் ஒரு பெயர் வைக்க வேண்டுமென்றால் 'ஈடுகட்டு முறை' என்பேன். அல்லிகாரே தந்த கட்டும் அதில் இருக்கிறது, குறைவை மிகுதி அடைக்கிற ஈடும் இருக்கிறது. 'அலிகேஷன்' என்ற சொல்லையே வைத்துக்கொண்டாலும் தவறில்லை, தேர்வுத்தாளில் அந்தப் பெயர்தான் வரும். ஆசிரியர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. பலகையில் குறுக்குக்கோடு போடும் முன், எவ்வளவு குறைகிறது, எவ்வளவு மிகுகிறது, எதன் நிறையால் இரண்டையும் கட்டப்போகிறோம் என்ற மூன்றையும் மாணவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். அப்படிச் சொல்லிப் பழகிய மாணவருக்குச் சூத்திரம் மறந்துபோனாலும் கணக்கு வரும். தேர்வு முடிந்து மருந்துக்கடையிலோ நகைப்பட்டறையிலோ அரிசி மண்டியிலோ வேலைக்குப் போனாலும் அது கைகொடுக்கும்.